பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

தீபாவளி நெருங்கும் இந்த ஐப்பசியில், மன்னார்குடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் எங்கள் கடைக்கு வருவோரில் பலர், மிக்சியையோ மின்விசிறியையோ மேசைமேல் வைத்த கையோடு, "இதுக்குச் செலவு பண்றது வீணா, பேசாம புதுசே வாங்கிடலாமா?" என்று கேட்கிறீர்கள். நாங்கள் பழுதும் பார்க்கிறோம், புதியதும் விற்கிறோம். எதைச் சொன்னாலும் எங்களுக்கு வருமானம் உண்டு. ஆகவே எந்தக் கணக்கை வைத்து உங்களுக்குப் பதில் சொல்கிறோம் என்பதை எழுத்திலேயே தெரிவித்துவிட விரும்புகிறோம்.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கிவிடலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதை நாங்களும் ஏற்கிறோம். ஆனால் பொருளைத் திறந்து, கெட்டுப்போனது எந்தப் பாகம் என்று பார்க்காமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

சென்ற மாதம் வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா மிக்சியை மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்தார். கருகல் வாடை வருவதால் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளான காயில் போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தபோது காயிலும், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் பழுதில்லாமல் இருந்தன. ஆர்மேச்சரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் சுண்டுவிரல் நகத்தளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் தள்ளியும் சரியாகத் தொட முடியாமல் தீப்பொறி விட்டுக்கொண்டிருந்தன. ஜாரின் அடியில் பிளேடு அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்ததால் கசிந்த சட்னித் தண்ணீர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரைச் சுற்றிக் காய்ந்து அடையாகப் பிடித்திருந்தது. பிரஷ், புஷ், வாஷர் மூன்றையும் மாற்ற அரை மணி நேரம் போதுமாக இருந்தது. இவையெல்லாம் தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். கப்ளரும் அப்படித்தான்: ஜார் இறுகிக்கொண்டால், அது தானே உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். மிக்சி திடீரென்று நின்றுவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; அதற்காக மட்டுமே பேருந்து ஏறி வந்தவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு மனம் பொறுப்பதில்லை.

மிக்சியில் ஆர்மேச்சரே எரிந்திருந்தால் பழுது பார்க்கச் சொல்ல மாட்டோம். கிரைண்டரில் காயில் எரிந்தால் பெரும்பாலும் புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருகிறோம்; ஏனெனில் கல்லும் டிரம்மும் நீண்ட நாள் உழைப்பவை, கல்லைக் கொத்தி பெல்ட்டை மாற்றினால் மாவு பழையபடி அரைபடும்.

மின்விசிறிக்குக் கணக்கு வேறு. மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டாரோடு இணைந்த சிறு பாகமான கண்டென்சர்தான் காரணம். அதைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். காயிலே எரிந்துவிட்டால் மின்கட்டணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பி.எல்.டி.சி. (கார்பன் பிரஷ் இல்லாத, சர்க்யூட் போர்டால் இயங்கும் மோட்டார்) விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 43 யூனிட் மிச்சம். ஆனால் அதனுள் இருக்கும் சர்க்யூட் போர்டு மின்னழுத்த ஏற்றத்தாழ்வில் போய்விட்டால் செலவு அதிகம். உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடின் மேலுறை வெடித்திருந்தாலோ, கெட்டிலின் அடித்தட்டில் கசிவு இருந்தாலோ, எவ்வளவு வற்புறுத்தினாலும் நாங்கள் சரிசெய்து தர மாட்டோம். தொட்டால் ஷாக் அடிக்கும் இஸ்திரிப் பெட்டியைப் புது வயர் போடும் வரை வீட்டில் யாரும் எடுக்காதபடி வையுங்கள். வயர் மாற்றியும் மின்கசிவு நிற்கவில்லை என்றால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

எங்களால் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பின், தண்ணீர் புகுந்த இயந்திரங்கள் கடையில் குவிந்தன. மோட்டாரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் அடித்துப் பலவற்றைப் பிழைக்க வைத்தோம். கடலோர ஊர்களிலிருந்து வந்த, உப்பு நீர் பட்ட சிலவற்றையும் அதே முறையில் செய்து கொடுத்தோம். அவை இரண்டு மாதத்துக்குள் உள்ளே அரித்துத் திரும்பி வந்தன. எல்லாம் இழந்து நின்றவர்களிடம் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனாலும் அவர்களுடைய அலைச்சலை எங்களால் ஈடுசெய்ய முடியவில்லை. அன்று முதல் உப்பு நீர் உள்ளே போன மோட்டாரைக் கையில் எடுக்கும்போதே அது நிலைக்காது என்று சொல்லிவிடுகிறோம்.

மிக்சி கொண்டு வரும்போது ஜார்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பாதிப் பழுது ஜாரில்தான் இருக்கும். திறந்து பார்த்துச் செலவைத் தொலைபேசியில் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே வேலையைத் தொடங்குவோம். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, பொருளோடு சேர்த்து உங்களிடம் தருவோம்.

இப்படிக்கு,
கடைப் பணியாளர்கள் அனைவரும்,
மன்னார்குடி.