1964: பத்து ஆட்டம், பத்துத் தோல்வி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். உன் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் இங்கே ஃபிலடெல்ஃபியாவில் நலம்.

சீசன் முழுக்க ஜெயித்த பேஸ்பால் அணி கடைசியில் எப்படிச் சரிகிறது என்று கேட்டிருந்தாய். இந்த ஊரில் வயசானவர்களிடம் அதைக் கேட்டால் 1964 என்பார்கள். அந்த வருஷம் எங்கள் ஊர் ஃபில்லீஸ் அணிக்கு இன்னும் 12 ஆட்டம்தான் பாக்கி. லீக் பட்டியலில் அடுத்த அணியைவிட ஆறரை ஆட்ட முன்னிலை. லீக் பட்டம் வென்ற அணி ஆடும் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு டிக்கெட்கூட அச்சாகிவிட்டது.

செப்டம்பர் 21. சின்சினாட்டி ரெட்ஸுடன் ஆட்டம், இரு பக்கமும் ரன் இல்லை. ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ரன்; அதற்கு முந்தைய நிறுத்தமான மூன்றாம் பேஸில் ரெட்ஸின் சிக்கோ ரூயிஸ். மட்டையோடு நிற்பது ஃபிராங்க் ராபின்சன். அப்பேர்ப்பட்ட அடிகாரர் நிற்கும்போது யாராவது அவர் அடிப்பதற்குக் காத்திராமல் ஹோம் பிளேட்டைத் 'திருட' ஓடுவார்களா? ரூயிஸ் ஓடினார். எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், மஹாஃபி பதறிப்போய் எறிந்த பந்து கேட்சர் கைக்கு எட்டவில்லை. அந்த ஒரே ரன்னில் தோல்வி. அதையும் சேர்த்து வரிசையாகப் பத்துத் தோல்வி!

சரிவுக்குக் காரணம் ரூயிஸ் என்றுதான் ஊரே இன்னும் சொல்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு ரன் விட்டதால் ஒரு ஆட்டம் போகும், பத்து எப்படிப் போகும்? மற்ற பிட்சர்களில் சிலருக்குக் கை வலி. மேனேஜர் ஜீன் மாக் பதற்றத்தில் ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் இருவரையே திரும்பத் திரும்ப இறக்கினார். அந்தக் காலத்தில் ஒரு பிட்சருக்கு மூன்று நாள் ஓய்வு வழக்கம். இவர்களுக்குக் கிடைத்தது இரண்டே நாள். பன்னிங் 24, 27, 30 தேதிகளில் எறிந்தார், மூன்றிலும் தோல்வி. பாவம், அந்தக் கை என்ன இரும்பா? ஜூனில் ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர் அவர்.

இதைக் கேள்: கடைசி நாள், அக்டோபர் 4, அவருக்கு வழக்கமான மூன்று நாள் ஓய்வு கிடைத்திருந்தது. அதே ரெட்ஸை 10-0 என்று வென்றார். ஆனால் அன்றைக்கே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஜெயித்து, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தைக் கொண்டுபோனது. அந்தப் பத்தில் இரண்டை ஜெயித்திருந்தால் பட்டம் இங்கேதான். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சல்.

சரி, பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? போட்டோ அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி