பூக்குழியில் இறங்கும் முன் பாதங்களைப் பாருங்கள்: தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டக் கோயில்களின் தலைவர்கள், செயலாளர்கள், பூசாரிமார், இளைஞர் பகுதியினர் எல்லாருக்கும் வணக்கம். (ஊருக்கு 2007ஆம் ஆண்டே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் வாயில் இன்னும் நுழையவில்லை.)

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தீமிதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காப்புக் கட்டும் அன்று ஒரே ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறேன். பூக்குழி இறங்கப்போகிற ஆண்களின் பாதங்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

திருவிழா முடிந்ததும் கால் கொப்பளித்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவன் நான். வலி என்று கத்திக்கொண்டு வந்தவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, மருந்து போட்டால் ஆறிவிடும். வலியே இல்லாமல் வந்தவர்கள்தான் பயமுறுத்தினார்கள். உள்ளங்கால் தோல் உரிந்து கிடக்கும், ஆளுக்கே தெரியாது. பாயில் கறையைப் பார்த்துவிட்டு மனைவி இழுத்து வந்திருப்பார். "ஆத்தா சுடவே விடல டிரசர்" என்பார் கணவர், பெருமையாக.

ஆத்தாளின் அருளை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் இனிப்பு நீர் (நீரிழிவு) பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். நெருப்பும் உறைக்காது, ஆணியும் உறைக்காது. ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் புண் ஆறாது. முதலில் ஒரு விரல் போகும், பிறகு காலே போகும்.

2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. பெண்களாவது பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்று கிளினிக் வாசலை மிதிக்கிறார்கள். நம் ஆண்களுக்கு மயங்கி விழுந்தால்தான் கிளினிக்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரதம் என்று சிலர் இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஒருவேளைச் சாப்பாட்டோடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுகிறார்கள். அப்போது ரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி, உடல் வியர்த்து நடுங்கும். சுற்றி நிற்பவர்கள் சாமி வந்துவிட்டது என்று வேப்பிலையை எடுப்பார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது சீனித் தண்ணீர். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவை மாற்றித் தருவார்.

இத்தனைக்கும் காப்புக் கட்டிய ஆண் வேறு ஆளாகிவிடுகிறார். இரண்டு வேளை குளிக்கிறார், சிகரெட் இல்லை, பீர் இல்லை, காய்கறி சாப்பிடுகிறார். மஞ்சள் நீராட்டு முடிந்த சாயங்காலமே எல்லாம் பழையபடி ஆகிவிடுவது வேறு கதை. ஆனால் பூசாரி சொன்னால் கேட்கும் காலம் அது. அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்.

காப்பு அன்று மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். சீனியும் ரத்தக் கொதிப்பும் பார்க்கட்டும். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சில நிமிட வேலை. உணர்ச்சி இல்லாதவரைப் பூக்குழியில் இறக்காதீர்கள். பால்குடத்துக்கும் மாற்றிவிடாதீர்கள், நடுப்பகல் தார் ரோடும் வெறுங்காலைப் பொசுக்கும். பந்தல், அன்னதானம் என்று நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம். அதைப் பூசாரியே எல்லார் முன்னாலும் சொன்னால் அவருக்கு மானக்கேடாக இருக்காது.

மேசைக்கு வருகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள். செம்பனைக் காட்டில் நாள் முழுக்க பூட்ஸுக்குள் வெந்த கால் அது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் வேண்டாம். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், குனிய முடியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லட்டும். மரத்த காலை வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. பிளேடால் கால் ஆணியைச் சீவவே கூடாது. காலையில் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போடட்டும். கடையில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). குறைந்த வருமானக்காரர்களுக்கான எஸ்.டி.ஆர். பண உதவி பெறுகிற, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம், அவர்களின் துணைக்கும் அந்த வயதானால் உண்டு. நம் ஆட்களில் பலர் அதைப் பயன்படுத்தியதே இல்லை.

கிளினிக் ஆட்களை வரவழைக்க முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். மலாயில் நானே எழுதித் தருகிறேன். தலைவரின் கையொப்பமும் கோயில் முத்திரையும் மட்டும் போதும், திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரசர்