"சுகர் இல்ல"ன்னு சொல்லி அனுப்புற டாக்டர்களுக்கு

வணக்கம் டாக்டர்,

ரிப்போர்ட்ட ஒரு பார்வை பாத்துட்டு "உங்களுக்கு சுகர் இல்ல, போயிட்டு வாங்க"ன்னு சொல்றீங்கல்ல, அந்த ஒரு வரியப் பத்திதான் இந்த லெட்டர். நம்ம பேச்சுல நோய்க்கும் சுகர்னுதான் பேரு, டப்பாவுல இருக்குறதுக்கும் அதே பேருதான், அதனால நீங்க சொன்னது என் காதுல 'இனிமே எவ்ளோ வேணா இனிப்பு சாப்பிடலாம்'னுதான் விழுந்துச்சு. அப்புறம் பல வருஷம் தண்ணிக்குப் பதிலா கூல்டிரிங்க்ஸ்தான் குடிச்சேன்.

330 மில்லி கோலா கேன் ஒண்ணுல சுமார் 35 கிராம் சர்க்கரை. தேன், ஜூஸ்ல இருக்குறதையும் சேத்து ஒரு நாளைக்கு 25 கிராம் கிட்ட நிறுத்திக்கிட்டா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிருச்சு, அது நோய் இருக்குறவங்களுக்கு மட்டும் சொன்னதும் இல்ல. (முழுப் பழம் இந்தக் கணக்குல வராது.)

உங்களுக்குத் தெரியாததா, சர்க்கரையில பாதி ஃப்ரக்டோஸ்ங்கிற ஒரு வகை இனிப்பு, அளவு மீறிப் போனா கல்லீரல் அத கொழுப்பாக்கி வைக்குது, யூரிக் ஆசிடும் ஏறுது. வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு ஐஎல்-6 மாதிரி அழற்சி சிக்னல்கள விட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு கல்லீரல், அழற்சி இருக்குன்னு காட்டுற சிஆர்பிங்கிற புரதத்தக் கூட்டும். அடிபட்ட வீக்கம்னா கொஞ்ச நாள்ல வடிஞ்சுரும், இது நீறு பூத்த நெருப்பு, வலிக்கக்கூட வலிக்காது, அப்புறம் யாரு டாக்டர்கிட்ட வந்து சொல்லப்போறா?

கனிமச்சத்து விஷயம் இன்னும் மோசம். நிறைய சர்க்கரை உள்ள போய் இன்சுலின் ஏறுனா கிட்னி சோடியத்த இறுக்கிப் பிடிச்சுக்குது, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் யூரின்ல கோட்டை விடுது. அந்த மெக்னீசியம் இருந்தாதான் செல்லுல இன்சுலின் வந்து ஒட்டுற ரிசெப்டரே ஒழுங்கா வேலை செய்யும், அது கொறைஞ்சா அதே வேலைக்கு உடம்பு இன்னும் கூடுதலா இன்சுலின் சுரக்கணும். போனத ஈடுகட்ட வெள்ளச் சர்க்கரையில ஒண்ணுமே இல்ல, இருந்த கொஞ்சநஞ்சமும் சுத்தம் பண்ணும்போதே மொலாசஸ்ங்கிற கருப்புப் பாகோட போயிருது.

இதுல கூத்து என்னன்னா உடம்புல இருக்குற மெக்னீசியத்துல சுமார் 1 சதவீதம்தான் ரத்தத்துல ஓடுது, மிச்சமெல்லாம் எலும்புலயும் தசையிலயும் மத்த செல்லுக்குள்ளயும்தான், அதனால உள்ள கொறைஞ்சிருந்தாலும் பல நேரம் பிளட் டெஸ்ட்ல நார்மல்னே வந்துட்டிருக்கும், நீங்களும் "எல்லாம் நார்மல்"னு சொல்லி அனுப்புவீங்க.

அதனால கேக்குறது ஒண்ணுதான். ரிப்போர்ட்ட மடிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி, "தண்ணியத் தவிர ஒரு நாளைக்கு வேற என்னெல்லாம் குடிக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டு அனுப்புங்க டாக்டர்.