வண்டி உண்டா என்று கேட்டார்கள்

மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. மழை விட்டதும் ரப்பர் பால் வெட்டு தொடங்கியாச்சு. ஷீட் விலையை எழுதினால் உனக்குச் சலிப்பாக இருக்கும், விடுகிறேன்.

வண்டி விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து சாயங்காலம் வரும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் கலெக்‌ஷன் இல்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்? பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பையன்களிடம் பைக் இருக்கிறது. ஒரு நடை குறைந்தால் இன்னும் நாலு பேர் ஸ்கூட்டர் வாங்குகிறார்கள், அதைக் காட்டி அடுத்த நடையையும் குறைக்கிறார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை, சரி. வண்டியே இல்லையென்றால் அம்மா எதில் ஏறிப் போவாள்? மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். போட்டவர்களில் முக்கால்வாசி என் வயசுக்காரர்கள்.

2011-ல் இந்தப் பக்கம் ஆள் கணக்கு எடுத்தது நான்தானே. கன்னியாகுமரி மாவட்டத்தில் மொத்தம் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்த நெருக்கம் நம்ம மாவட்டம்தான். இதை டிப்போவில் சொன்னேன், சிரிக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, ஜனமெல்லாம் நாகர்கோவில், மார்த்தாண்டம், கடற்கரை என்று கிடக்கிறது. நம்ம மேட்டில் கேட்டுக்குப் பூட்டுத்தான் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்கும் நம்பர் போட வேண்டும் என்பது விதி, போடுவார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய் 2027 பிப்ரவரியில் வருகிறதாம். உன் பெயரை இந்த வீட்டில் எழுத முடியாது. பெங்களூரில் வருகிறவர்களிடம் ஒழுங்காகச் சொல்லி எழுத வை.

இந்த ஊரிலிருந்து வண்டி பிடித்து நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் நீ. அந்தப் பழைய கண்டக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை விசாரிப்பார். நல்லா இருக்கான் என்று சொல்வேன். வேறு என்ன சொல்ல, அம்மாவிடமே நீ ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

கடன் எதுவும் வாங்காதே. வீட்டுக் கடன் ஒன்று போதும். கார்டில் எடுக்காதே. போனில் ஆப் வைத்துத் தருகிறார்களே, அதில் எடுக்கவே எடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை காரில் ரெண்டு பேர் வந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தோட்டத்தின் தெற்கு எல்லை வரை நடந்து போட்டோ எடுத்தார்கள். உனக்குத் தெரிந்தவர்கள் என்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன். ரோடு எத்தனை அடி, பஸ் உண்டா என்று கேட்டார்கள். பஸ்ஸா, மழை பெய்தால் ஆட்டோகூட மேலே ஏறாது, ராத்திரி நெஞ்சுவலி வந்தால் குலசேகரம் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும் என்றேன். அப்போது அந்த மனு மேசைமேல்தான் கிடந்தது, அதன்மேல் பேப்பரை எடுத்துப் போட்டேன். ஆட்டோ ஏறும், அது உனக்கும் தெரியும். மற்றதில் பொய் அதிகமில்லை.

கடன் விஷயத்தில் கவனமாக இரு.

வருவதானால் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறிக் குழித்துறை ஸ்டேஷனில் இறங்கு. அங்கிருந்து ஆட்டோ பிடித்துவிடு, சாயங்கால வண்டி இருக்கும் என்று நம்பி மார்த்தாண்டத்தில் நிற்காதே. மருமகளுக்கு லீவு கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா. கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா.

அந்தக் காரில் வந்தவர்கள் வருகிற ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கூப்பிடு. அம்மா போனில் வேண்டாம், என் நம்பரில் கூப்பிடு. எவ்வளவு என்று மட்டும் சொல், காரணம் கேட்க மாட்டேன். விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்த ஷீட் கொஞ்சம் இருக்கிறது, பேங்கிலும் கொஞ்சம் கிடக்கிறது.

அப்பா