மூதாட்டியின் உதவித்தொகையும் ஜீப் கட்டணமும்

பிப்ரவரி 2023

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால் 2023 பிப்ரவரி 3 அன்று தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் (முதியோர் போன்றோரின் உதவித்தொகைக்கான கூடுதல் வரி) அறிவித்ததைத் தொடர்ந்து சட்டமன்றத்தில் எழுந்துள்ள அமளியைக் கவலையுடன் கவனித்து வருகிறேன். மாநிலம் கடன் வாங்கும் வரம்பை மத்திய அரசு குறைத்ததால் கருவூலம் திணறுகிறது என்ற அரசின் விளக்கத்தில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள மலையூரான குமுளியில், எங்கள் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர், கூட்டுறவுச் சங்க ஊழியர் கொண்டுவரும் மாத உதவித்தொகை 1,600 ரூபாயை நம்பியே மருந்துச்சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார். அந்தத் தொகை தவறக்கூடாது.

ஆனால் அந்தச் சுமையை டீசல் மீது ஏற்றினால், அது தேனி மாவட்டத்திலிருந்து மலையேறிவரும் காய்கறி லாரியின் வாடகையிலும், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் கட்டணத்திலும் வந்து சேரும். அந்த மூதாட்டி வாங்கும் தக்காளியும் விலை ஏறும். மேலும், மலையடிவாரத்தில் தமிழ்நாட்டுப் பகுதியில் பெட்ரோல் விலை ஏற்கெனவே குறைவு என்பதால், எல்லையோர வாகனங்கள் அங்கேயே நிரப்பிக்கொள்ளும். எதிர்பார்க்கும் வருவாயில் ஒரு பகுதி இறங்கிப் போய்விடும்.

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவை வாயிலில் அமர்ந்து நடத்தும் சத்தியாக்கிரகத்தின் நியாயத்தை மதிக்கிறேன். எனினும் உதவித்தொகைக்கு மாற்று வருவாய் எது என்பதையும் அவர்கள் அவையில் கூற வேண்டும். அரசும் டீசலுக்கான செஸ்ஸையாவது கைவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குமுளி.