டெக்சாஸில் எச்-4 பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோரே,

2025 ஜூன் 4 அன்று அமெரிக்க மத்திய அரசு டெக்சாஸ் மீது வழக்குப் போட்டது. அன்றே தீர்ப்பும் வந்துவிட்டது. 2001 முதல் டெக்சாஸில் இருந்த இன்-ஸ்டேட் கட்டணச் சலுகை (மாநிலவாசிகளுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணம்), சட்டப்படி நாட்டில் தங்கியிராதவர்களுக்குச் செல்லாது என்று நீதிபதி ரீட் ஓ'கானர் தடை போட்டார். எதிர்த்து வாதாட வேண்டிய மாநில அரசே தலையாட்டிவிட்டது. நம் பிள்ளைகளிடம்தான் எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறதே என்று அசந்திருக்க வேண்டாம்.

இன்-ஸ்டேட் கட்டணம் பெறப் பிள்ளைகளுக்கு வழி இரண்டு. ஒன்று, பெற்றோர் வழி. சென்சஸ் டேட்டுக்கு (ஃபால், ஸ்பிரிங் பருவங்களில் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் நாள்) ஓராண்டு முன்பிருந்தே நீங்கள் டெக்சாஸில் குடியிருக்க வேண்டும், பிள்ளையும் வரிக்கணக்கில் உங்களைச் சார்ந்தவராக இருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் இது பொருந்தும், அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) தேவையில்லை.

மற்றது, ஹைஸ்கூல் வழி. ஹைஸ்கூல் முடித்துப் பட்டம் பெறும் நாளுக்கு முந்தைய 36 மாதமும் டெக்சாஸ் வாசம், கூடவே நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட். இங்கேதான் கணக்கு தவறுகிறது. 2026 மே மாதம் பட்டம் என்றால் 2023 மே மாதமே இங்கு இருந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கென்று ஆகஸ்டில் குடிவந்தவருக்கு மூன்று மாதம் குறையும். அஃபிடவிட் கொடுத்தவர்களில் ஆவணமில்லாதவர்களும் விசா உள்ளவர்களும் கலந்தே இருப்பதால், சட்டப்படி தங்கியிருப்பதற்கு ஆதாரம் தா என்று கல்லூரி உங்கள் பிள்ளையிடமும் கேட்கலாம்.

அப்போது பலருக்குச் சிக்கலாவது ஐ-94 (எந்தத் தேதி வரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு). சிறுவர்களுக்கான இந்திய பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது, விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியையே ஐ-94-இலும் போட்டுவிடுவது வழக்கம். வீட்டில் இருக்கும் ஐ-797 தாளில் (விசா நிலைக்கான ஒப்புதல் தாள்) 2027 என்றிருக்கும், பிள்ளையின் ஐ-94 2025-லேயே முடிந்திருக்கும். கடைசியாகக் கொடுக்கப்பட்டது எதுவோ அதுதான் செல்லும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இணையத்தில் ஐ-94-ஐ எடுத்துப் பாருங்கள், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. உள்நாட்டிலேயே நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்த ஐ-797-இன் அடியில் இருப்பதே புது ஐ-94. அதை இணையத்தில் தேடிப் பயனில்லை.

அடுத்த கண்டம் 21 வயது. பிறந்தநாளோடு எச்-4 முடிகிறது. அதற்குள் ஐ-539 (விசா நிலையை மாற்றும் விண்ணப்பம்) போட்டு எஃப்-1-க்கு (மாணவர் விசா) மாறும் பிள்ளைக்குப் பெற்றோர் வழி அடைபடும், ஹைஸ்கூல் வழி மட்டுமே மிஞ்சும். அதனால் முதல் பருவத்திலேயே, எந்தப் பிரிவின் கீழ் இன்-ஸ்டேட் கொடுத்தீர்கள் என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 54.052(a)(2) என்றால் பெற்றோர் வழி, (a)(3) என்றால் ஹைஸ்கூல் வழி. (a)(2) என்று வந்து, 36 மாதமும் நிறைந்திருந்தால், பிறகு ஹைஸ்கூல் வழிக்கு மாற ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் சான்று) இப்போதே எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும் வக்கீலிடம் கேளுங்கள். தகுதி வந்ததும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பேன் என்கிறது அஃபிடவிட். படித்து முடித்து ஊர் திரும்புவேன் என்கிறது எஃப்-1. இரண்டிலும் ஒரே பிள்ளையின் கையெழுத்து. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் விசா பதிக்க) நிற்பதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டண விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் தன்னார்வலர்கள்