காறின மீன் எண்ணெய்க்கும் வீண் அலைச்சலுக்கும் பதில் கேட்டு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
நாய் உணவு மற்றும் ரோமப் பராமரிப்புப் பிரிவு.

நாள்: 06.10.2025

பொருள்: கெட்டுப்போன மீன் எண்ணெயை விற்றது, தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியது, உங்கள் ஊழியர் மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்துக்கு இதுவரை 14 தடவை போன் செய்துவிட்டேன். குவைத்தில் இருக்கும் என் மகன் மூன்று மின்னஞ்சல் அனுப்பினான். கையில் நான்கு புகார் எண் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், நான் முதலிலிருந்து கதை சொல்கிறேன், "இரண்டு நாளில் கூப்பிடுவோம் சார்" என்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை. இனி போனில் பேச எனக்குத் தெம்பு இல்லை. எழுத்தில் கேட்கிறேன், பதிலும் எழுத்தில் வேண்டும்.

எங்கள் அம்மு வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். ஐந்து வயது, ஒன்பது கிலோ. கோடையில் முடி கொஞ்சம் உதிர்ந்து பளபளப்பு குறைந்திருந்தது, வேறு ஒரு நோயும் இல்லை. மகன் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து ஜூன் 9 அன்று மூன்று பொருள் ஆர்டர் போட்டான். நாய்த் தீவனம் 10 கிலோ நீலப் பை 3,150 ரூபாய், பம்ப் வைத்த சால்மன் எண்ணெய் பாட்டில் 799, ஓட்ஸ் ஷாம்பு 425. மொத்தம் 4,374 ரூபாய். எந்தப் பை, எந்தப் பாட்டில் என்று உங்களுக்கே தெரியும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் தெரியும். எட்டு வாரத்தில் பட்டு மாதிரி ரோமம் என்று நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள்.

பையில் சொன்னபடியே செய்தேன். சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும் என்று முதல் மூன்று நாள் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பத்தாவது நாள் முழுதும் உங்கள் தீவனம். எண்ணெய் எடைக்குத் தகுந்த மாதிரி ஒரு நாளைக்கு ஒரு பம்ப், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடக் கொடுக்கவில்லை.

பாட்டிலைத் திறந்த அன்றைக்கே என் மனைவி சொன்னாள், "இஞ்ச பாருங்க, இது காறின எண்ணெயாக்கும்." கொப்பரை காயப்போட்டு செக்கில் ஆட்டுகிற ஊர்க்காரி அவள், காறல் வாடை அவளுக்குத் தெரியாமல் போகுமா? மீன் எண்ணெய் அப்படித்தான் இருக்கும், பெரிய கம்பெனி, தப்பாகத் தரமாட்டார்கள் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

ஒரு மாதத்தில் அம்முவுக்கு இடுப்பிலும் வாலடியிலும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தது. வயிறும் இளகியது. பாய், தலையணை, சாப்பிடும் தட்டு எல்லாவற்றிலும் வெள்ளை முடி. ஓணத்துக்குப் பேரப்பிள்ளைகள் வந்தபோது நாயைத் தொடவே விடவில்லை. எப்போதும் அத்தப்பூக் கோலத்துக்குப் பக்கத்தில் அம்முவை உட்காரவைத்துப் போட்டோ எடுப்போம், இந்த வருஷம் அது கிடையாது. அந்தப் பிள்ளைகள் இனி அடுத்த வருஷம்தான் வருவார்கள். இதற்கு எந்தப் பில்லில் விலை போடுவது?

ஜூலை 14 அன்று முதலில் போனை எடுத்த பெண்பிள்ளை மரியாதையாகப் பேசினாள், அவள்மேல் எனக்குப் புகார் இல்லை. மழை சீசனில் முடி உதிரும், இன்னும் இரண்டு வாரம் பாருங்கள் என்றாள். இரண்டாவது எடுத்தவர், "முழுசா மொட்டை அடிச்சிருங்க சார், புது முடி நல்லா வரும்" என்றார். ரோமத்துக்கு எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் உட்கார்ந்து இதைச் சொல்கிறார்! ஸ்பிட்ஸ் நாய்க்கு இரண்டு அடுக்கு முடி, மேலே நீண்டது, அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்று. வெயிலையும் மழையையும் தாங்குவது அதுதான். ஒட்ட வழித்தால் பழையபடி சீராக வளராமலே போகலாம். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு இது தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஏன் அப்படிச் சொல்ல வைத்தீர்கள்?

ஆகஸ்ட் 2 அன்று பேசியவரை நான் மறக்கமாட்டேன். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "கன்னியாகுமரிதானே சார்? கடல் காத்து, உப்புத் தண்ணி, அங்க நாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும். அவ்ளோ கஷ்டமா இருந்தா தெருநாய் ஒண்ணு வளர்த்துக்கோங்க, அதுக்கு எண்ணெயே வேணாம்." திருவட்டாரில் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பரும் தென்னையும், கிணற்றில் கற்கண்டு மாதிரித் தண்ணீர். உப்புக்காற்று இங்கே வருவதில்லை. அது போகட்டும். 31 வருஷம் நடத்துநராக இருந்தேன். குடித்துவிட்டு ஏறினவன், சில்லறைக்குச் சட்டையைப் பிடித்தவன், நிறுத்தம் தாண்டியதற்கு அம்மாவைத் திட்டினவன் எல்லாரையும் பார்த்தவன் நான். காசு கொடுத்து ஏறின ஒருவரிடமும் இப்படி ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்த அழைப்பு பதிவாகும் என்று உங்கள் குரல்தான் முதலில் சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள். தயவுசெய்து நீங்களே கேளுங்கள்.

அதே ஆள்தான், நாயையும் பாட்டிலையும் நாகர்கோவில் வடசேரி பக்கம் இருக்கும் உங்கள் விநியோகஸ்தரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். ஆகஸ்ட் 7. நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோ பேசினேன், போக வர 1,100 ரூபாய். தக்கலை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வில்லுக்குறி வருவதற்குள் அம்மு இரண்டு தடவை வாந்தி எடுத்தது, என் மனைவி மடியில் வைத்துச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். விலாசத்தில் போய் இறங்கினால் அங்கே செல்போன் ரிப்பேர் கடை! பொங்கலுக்கு முன்னாடியே அவர்கள் காலி பண்ணிவிட்டார்கள் என்று கடைப் பையன் சொன்னான். அவன் பாவம், ஸ்டூல் எடுத்துப் போட்டு, நாய்க்குத் தண்ணீரும் கொடுத்தான். அங்கேயிருந்தே உங்கள் எண்ணுக்கு அடித்தேன். 22 நிமிஷம் பாட்டு, பிறகு லைன் கட். ஏழு மாதமாக இல்லாத கடைக்கு 60 வயது தாண்டிய இரண்டு பேரையும் நோய்ப்பட்ட ஒரு ஜீவனையும் கொட்டுகிற மழையில் அனுப்பினீர்கள். அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை.

கோபத்தில் முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். ஜூலை 26 அன்றே அம்முவை அரசு கால்நடை டாக்டரிடம் காட்டியிருந்தேன். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், சொறிப்பூச்சி இல்லை. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடினார், உண்ணி இல்லை, தெள்ளும் இல்லை. பூஞ்சையும் இல்லை. பிறகுதான் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தவர் உடனே மூடிவிட்டார். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு நல்லதுதான், ஆனால் சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் சீக்கிரம் கெடும், காறின எண்ணெய் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஈ-யையும் தின்றுவிடும், நன்மைக்குப் பதில் கெடுதல்தான் என்று விளக்கினார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. மருந்தும் பரிசோதனையுமாக 1,640 ரூபாய் ஆனது.

உங்கள் ஷாம்புவைப் பற்றி ஒன்றும் குறை சொல்லமாட்டேன், அது நன்றாக இருக்கிறது. நாயின் தோல் மனுஷத் தோல் மாதிரிப் புளிப்புத்தன்மை உள்ளதல்ல, அதனால் நம் ஷாம்பு ஆகாது, நாய்க்கென்று உள்ளதுதான் போட வேண்டும் என்று டாக்டரும் சொன்னார். நியாயத்தை நியாயமாகச் சொல்கிறேன். நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

எண்ணெயை நிறுத்திய பிறகு நடந்ததையும் கேளுங்கள். முடி பெரும்பாலும் புரதம்தான், நல்ல புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளே போனால்தான் வெளியே மினுமினுப்பு வரும் என்றார் டாக்டர். மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ஓடு முடிந்தது, குளச்சலிலிருந்து சாளை தாராளமாக வந்தது. உங்கள் பக்கம் மத்தி என்பீர்கள். உப்பு, மசாலா, வெங்காயம் ஒன்றும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வாரம் மூன்று நாள். முட்டையை முன்பு பச்சையாக உடைத்து ஊற்றுவோம். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவித்துக் கொடுங்கள் என்றார், அப்படியே கொடுத்தோம். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் கம்பிப்பல் சீப்பால் அடிமுடி வரை வாரினாள் என் மனைவி. குளிப்பு மூன்று வாரத்துக்கு ஒன்று. இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஜில்லா இது, அடிமுடியில் ஈரம் நின்றால் புண் வரும் என்று குளித்த பிறகு துண்டால் ஒற்றி, ஃபேன் காற்றில் முழுசாகக் காயவைத்தோம். செப்டம்பர் கடைசியில், கணக்குப் பார்த்தால் ஒன்பதாவது வாரத்தில், வாலடியில் புது வெள்ளை முடி வந்துவிட்டது. அதே வீடு, அதே கிணறு, அதே காற்று. உங்கள் எண்ணெய் போனது, முடி வந்தது.

இனி ஸ்டிக்கர் விஷயம். பாட்டிலின் அடியில் தயாரிப்பு மாதம் என்று ஒரு ஸ்டிக்கர். ஈரத்தில் அதன் ஓரம் பெயர்ந்தபோது உள்ளே வேறு மாதம் தெரிந்தது, அதைவிட 11 மாதம் பழையது. போட்டோ எடுத்து மூன்று தடவை அனுப்பியும் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள்படி, பொட்டலத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்களை ஸ்டிக்கர் ஒட்டி மாற்றக் கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. பொருளின் விலை 4,374, ஆட்டோ 1,100, வைத்தியம் 1,640, ஆக 7,114 ரூபாய் திருப்பித் தர வேண்டும். நாங்கள் பட்ட மன வேதனைக்கு 50,000 ரூபாய். அது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம், மூன்று மாதம் எங்கள் வீட்டில் நிம்மதியான ஒரு ராத்திரி இல்லை, எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது. அதே தொகுதி எண் உள்ள பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும், வேறு யார் வீட்டு நாய் அதைக் குடித்துக்கொண்டிருக்கிறதோ. ஆகஸ்ட் 2 அன்று பேசினவர் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த நேரம் போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஸ்டிக்கர் போட்டோ தனியாக, எடையளவு விதிகளைக் கவனிக்கும் தொழிலாளர் துறைக்குப் போகும். நான் ஓய்வுபெற்றவன், வாய்தாவுக்கு வர எனக்கு நேரம் இருக்கிறது.

பாட்டிலைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்பமாட்டேன். மீதி எண்ணெயோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆளைத் திருவட்டாருக்கு அனுப்புங்கள். வருகிறவர் முந்தின நாளே சொல்லிவிட்டு வரட்டும், நாங்கள் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருவட்டார் வாடிக்கையாளர்